வயது வந்தோர் கல்வியும் தொழில்திறன் ஆய்வும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகப்பணி பாடம் எடுக்கிறேன். வயது வந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள், பயிற்சி முடித்தவர்களில் யாருக்கு வேலை அமைகிறது, யாருக்கு அமையவில்லை, இதுதான் என் ஆய்வு. இந்தத் துறையில் பேராசிரியராகவோ ஆய்வாளராகவோ ஆகலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பெற்றோர் வேறு மாதிரி கேட்கிறார்கள். களத்துக்குப் போனால் அங்கே இன்னொரு மாதிரி. ஆனால் சுற்றிச் சுற்றி வருவது இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

1. வயது வந்தோர் கல்வின்னா, பழைய அறிவொளி மாதிரி பாட்டிமாருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுக்கிறதுதானே?

அதுவும் உண்டு. 1978 அக்டோபர் 2 அன்று தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போனது. இப்போது நடப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022-ல் தொடங்கி 2027 வரை, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. சொல்லிக் கொடுப்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50 என்று கடைசியில் 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வும் வைக்கிறார்கள்.

ஆனால் துறை அதோடு நிற்பதில்லை. திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விவசாயிக்கு நடக்கும் பயிற்சி, கம்பெனியில் புது மெஷின் வந்ததும் பழைய தொழிலாளிக்குக் கற்றுக்கொடுப்பது, மகளிர் குழுவில் கணக்கு எழுதப் பழகுவது, கல்ஃப் போவதற்கு முன் வெல்டிங் பழகுவது எல்லாம் இதற்குள் வரும். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, பிழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே நடக்கும் கற்றல் எல்லாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எப்படி நடக்கிறது, எங்கே தடுக்கிக்கொள்கிறது, யாருக்குப் பலன் போகிறது என்று பார்ப்பதுதான் பல்கலைக்கழகத்தில் இருப்பவரின் வேலை.

2. நம்ம மாவட்டத்துலதான் எல்லாரும் படிச்சிருக்காங்களே, இங்க இதுக்கு என்ன வேலை?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. 2011 கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். தமிழ்நாட்டின் சராசரி 80.09. சரி, மீதி எட்டு சதவீதம்? மாவட்டத்தின் மக்கள்தொகை 18.7 லட்சம். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டுவார்கள். சதவீதம் உயர உயர இவர்கள் கண்ணில் படுவது குறைகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாமல் மறைத்து வாழ்பவர்கள் இங்கே இருக்கிறார்கள், ஏனென்றால் இது ‘எல்லாரும் படித்த ஊர்’. வேறு மாவட்டத்தில் இல்லாத ஒரு வெட்கம் இங்கே உண்டு.

அப்புறம், எழுதப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாத இடங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகையில் வரும். அதை வைத்து வளைகுடா நாட்டு வேலைக்குப் போக, குடிபெயர்வு அனுமதி தனியாக வாங்க வேண்டும். நல்ல கைவேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் முப்பத்தைந்து வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறார் என்றால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த பாஸ்போர்ட்தான் இருக்கும். அவருக்கு எந்த மாதிரிப் பாடம், எந்த நேரத்தில், எத்தனை மாதம்? பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எழுதிய புத்தகத்தையேதான் அவர் கையிலும் கொடுக்கிறோம்.

தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி அவர்களுக்கு வகுப்பு எடுக்க நம்மிடம் ஆள் கிடையாது. ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கரையில் கொடுத்த எச்சரிக்கை நடுக்கடலில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதன் பிறகு தொடர்புக் கருவிகள் பற்றிய பேச்சு பெரிதாயிற்று. கருவியைக் கொடுப்பது ஒரு நாள் வேலை. புயல் நேரத்தில் கை தன்னால் அதை எடுக்கும்படி பழக்குவதுதான் கல்வி. இப்படி அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), ரப்பர் தோட்டம், கட்டட வேலை, டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் கேள்வி இருக்கிறது. படித்த மாவட்டத்தில் இந்தத் துறைக்கு வேலை கூடத்தான் செய்கிறது.

3. இதுக்குன்னு தனி டிகிரி உண்டா? நாகர்கோவில்லயே படிக்க முடியுமா டீச்சர்?

இளநிலையில் தனியாகத் தேட வேண்டாம். ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு முதுநிலையில் திரும்புவதுதான் வழக்கம். இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வயது வந்தோர் கல்வியில் எம்.ஏ. தொலைதூரப் படிப்பாக இருந்து வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா, காந்திகிராமம் ஆகிய இடங்களில் வயது வந்தோர் கல்வி அல்லது வாழ்நாள் கற்றல் என்ற பெயரில் துறைகள் உண்டு. எந்த ஆண்டு எந்தப் படிப்புக்குச் சேர்க்கை என்பதை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்வழி குறுகலானது. நம் பக்கத்திலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் பக்கவாட்டுக் கதவால்தான் நுழைய வேண்டியிருக்கும்: எம்.எஸ்.டபிள்யூ. (முதுநிலை சமூகப்பணி), எம்.எட்., பொருளாதாரம், சமூகவியல், மனிதவள மேலாண்மை. நம் கல்லூரிகள் பலவும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை, இந்தப் பாடங்களில் ஏதாவது ஒன்றுக்கு வழி கிடைக்கும். முதுநிலை ஆய்வேட்டைத் தொழிலாளர் பயிற்சி பற்றி எழுதினால் அங்கேயே துறைக்குள் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். என் கருத்தில் இதுதான் பாதுகாப்பான வழியும்கூட. காரணம் 9-வது பதிலில்.

4. நெட் எந்தப் பாடத்துல எழுதணும்?

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வுதான் நெட். அதன் பட்டியலில் 46-வது பாடம் வயது வந்தோர் கல்வி, தொடர்கல்வி, முறைசாராக் கல்வி எல்லாம் சேர்ந்தது. கல்வியியல் 9, சமூகப்பணி 10, தொழிலாளர் நலன் மற்றும் மனிதவளம் 55. எந்தப் பாடமானாலும் முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும்; இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50.

46-ல் போட்டி போடுபவர்கள் குறைவு என்று கேள்விப்பட்டு ஓடிவருகிறவர்கள் உண்டு. அந்தப் பாடத்தில் பணியிடமும் குறைவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர் முதலில் 10-ஐ எழுதித் தேறிக்கொள்வது நல்லது. பிறகு ஆசைக்கு 46-ம் எழுதலாம்.

5. பிஎச்.டி. இல்லாம முடியாதா? அதுக்குள்ள அஞ்சாறு வருஷம் போயிருமே!

2023 ஜூலையில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) செய்த திருத்தத்துக்குப் பிறகு, உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது மாநிலத் தேர்வான செட் அடிப்படைத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. ஆனால் இணைப் பேராசிரியராக மேலே போக அது வேண்டும். தேர்வுக் குழுவில் பிஎச்.டி. இருப்பவருக்குக் கிடைக்கும் எடை தனி. படிப்புக்கு மூன்று வருடம் குறைந்தபட்சம், ஆறு அதிகபட்சம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வருகிறது, அதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருடத் தளர்வு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதுகிறவருக்கு வயது வரம்பே இல்லை.

காலம் இழுப்பதற்குப் பெரிய காரணம் தலைப்பு. ‘தென்னிந்தியாவில் திறன் மேம்பாடு’ என்று பதிவு செய்துவிட்டு இரண்டு வருடம் எதையும் தொட முடியாமல் நிற்பார்கள். பஸ் ஏறி ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் களமாக எடுங்கள். கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்து அண்டி ஆபீஸ்களில் உடைப்பு, தோலுரிப்பு, தரம்பிரிப்பு எல்லாவற்றிலும் பெண்கள்தான் இருக்கிறார்கள். புதிதாகச் சேரும் பெண் முழுக் கூலி எடுக்கும் வேகத்தை யாரிடமிருந்து கற்கிறாள்? சொல்லிக் கொடுக்கும் மூத்தவளுக்கு அந்த நேரத்தில் தன் கூலி குறைகிறதே, அதை யார் ஈடு செய்கிறார்கள்? ஒரு முழு ஆய்வேடு இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. இன்டர்நெட்டில் தேடினால் கிடைக்காது, ஆலைக்குள் போய் உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.

6. நான் ஐ.டி.ஐ.ல இன்ஸ்ட்ரக்டரா ரொம்ப வருஷமா இருக்கேன். நாப்பது தாண்டியாச்சு. இனி ஆய்வுக்கு வந்தா சிரிக்க மாட்டாங்களா?

இந்தத் துறையில் எல்லாரும் முதலில் படிக்கும் பெயர் மால்கம் நோல்ஸ். 1913-ல் பிறந்த அமெரிக்கர். 1935 முதல் இளைஞர்களுக்கான அரசு வேலைப்பயிற்சித் திட்டத்தில் இருந்தார், பிறகு ஒய்.எம்.சி.ஏ.க்களில் பெரியவர்களுக்கு வகுப்புகள் நடத்தினார், 1951 முதல் 1959 வரை வயது வந்தோர் கல்விச் சங்கத்தை நிர்வகித்தார். சிகாகோவில் முனைவர் பட்டம் வாங்கியது 1960-ல். அதையொட்டித்தான் பாஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பிறகு வட கரோலினாவிலும் பேராசிரியராக இருந்து, பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்ற கோட்பாட்டால் உலகம் முழுக்கத் தெரிந்தவரானார். வேறு பாடத்தில் நாற்பத்தேழு தாமதம். இங்கே அது அனுபவம்.

நடைமுறைக்கு வருவோம். உங்களிடம் டிப்ளமோவும் இன்ஸ்ட்ரக்டர் பயிற்சியும் மட்டும் இருந்தால் முதலில் ஒரு பட்டம், பிறகு முதுநிலை. தொலைதூரத்திலேயே முடிக்கலாம் (3-வது பதில்). பகுதிநேர பிஎச்.டி.யை யு.ஜி.சி.யின் 2022 விதிகள் அனுமதிக்கின்றன. வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். உங்களிடம் ஏற்கனவே இருக்கும் பெரிய சொத்து, வருடாவருடம் நீங்கள் பார்த்த பையன்கள். யார் எங்கே போனான் என்று உங்களுக்குத் தெரியும். ஆய்வாளர்கள் தவம் கிடந்து தேடும் தகவல் அது.

7. நோல்ஸ், ஃப்ரெய்ரே எல்லாம் எங்கேயோ இருந்து எழுதினவங்க. நம்ம ஆளுகளுக்கு அது பொருந்துமா?

அரைகுறையாகப் பொருந்தும். பெரியவர்கள் தங்கள் கற்றலைத் தாங்களே நடத்த விரும்புவார்கள் என்பது நோல்ஸின் அடிப்படை. நம் ஊரில் ஒரு பெண் தையல் வகுப்புக்கு வருவாளா என்பதை அவள் மட்டும் முடிவு செய்வதில்லை; மாமியார், கணவர், குழு, சில இடங்களில் கோயிலோ பங்கோகூட முடிவு செய்கிறது. அதை விட்டுவிட்டு ‘கற்பவருக்கு ஊக்கம் குறைவு’ என்று எழுதும் ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

பிரேசிலின் பாவ்லோ ஃப்ரெய்ரே எனக்கு இன்னும் பக்கத்தில் தெரிகிறார். 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு, அவர்கள் தினமும் புழங்கும் சொற்களையே பாடமாக்கி, 40 மணி நேரப் பாடத்தில் எழுத்து சொல்லிக் கொடுத்தது அவருடைய குழு. அடுத்த ஆண்டே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது; அவர் சிறைக்குப் போய், பிறகு நாட்டைவிட்டும் போக வேண்டியதாயிற்று. லேவ், வெங்கர் இருவரும் 1991-ல் எழுதியதையும் படியுங்கள். ஓரத்தில் நின்று கவனித்து, கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்து தொழில் கற்பதை விளக்குகிறார்கள். சித்தாளாகச் சேர்ந்து கொத்தனார் ஆனவரிடம் இதைச் சொன்னால், ‘இதுக்குப் போய் புஸ்தகமா?’ என்பார்.

வெளியே தேடுகிறவர்கள் மார்த்தாண்டத்தை மறந்துவிடுகிறார்கள். 1920-களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு நிலையமும், அதை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கரும் கிராம வளர்ச்சி பற்றிய எழுத்துகளில் அடிக்கடி வரும் பெயர்கள். கோழி, தேனீ என்று வீட்டுத் தொழில்களைக் கிராமத்தவர்களுக்குப் பழக்கினார்கள். பெட்டியில் தேனீ வளர்ப்பது இன்றும் அந்தப் பக்கத்துப் பிழைப்பு. ஒரு பயிற்சி நூறு வருடம் தாங்கியது எப்படி என்று கேட்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

8. டிரெய்னிங் குடுக்காங்க, சர்டிஃபிகேட் குடுக்காங்க, வேலை மட்டும் வரல்ல. இதுல நீங்க என்ன ஆராய்ச்சி பண்ணுறீங்க?

சரியாக அதைத்தான். பயிற்சியை நான்கு படியில் அளக்கலாம் என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் எழுதினார்: வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் அதைச் செய்கிறாரா, அதனால் பலன் வந்ததா. நம் பயிற்சி அறிக்கைகள் பெரும்பாலும் முதல் படியிலேயே, அதாவது வருகைப் பதிவும் குரூப் போட்டோவுமாக, நின்றுவிடும். திறன் பயிற்சிக்கென மத்திய அரசின் கௌசல் விகாஸ் திட்டம் 2015-ல் வந்தது, மாநிலத்தின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் வந்தது. பயிற்சி முடித்த பெண் ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறாள், ஏன் விட்டாள் என்று போன் போட்டுக் கேட்கிற சலிப்பான வேலைதான் ஆய்வில் பாதி.

இன்னொரு பாதி, ஏற்கனவே தெரிந்த திறமைக்குச் சான்று கொடுப்பது. முன்கற்றல் அங்கீகாரம் என்று அதற்கு ஒரு முறை உண்டு. குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவரைப் பாருங்கள். பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்திசுவில் கத்தி பட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக மீண்டு வராது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டு, விடியும் முன்னே, நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் வெட்டிக்கொண்டே போவார். இந்தக் கை நேர்த்தியை எந்தக் கேள்வித்தாளால் அளப்பது? எழுத்துத் தேர்வு வைத்தால் நல்ல வெட்டுக்காரர் தோற்பார், சுமாரானவர் ஜெயிப்பார். நல்ல மதிப்பீட்டு முறை ஒன்றை உருவாக்குகிறவருக்கு நம் மாவட்டத்தில் வேலை காத்திருக்கிறது.

9. சம்பளத்தைச் சொல்லுங்க டீச்சர். உண்மையைச் சொல்லணும்.

யு.ஜி.சி. ஊதியத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், அகவிலைப்படி தனி. அரசுப் பணியிலும் உதவிபெறும் பணியிடத்திலும்தான் அது. அந்த இடங்கள் எப்போதாவதுதான் நிரப்பப்படுகின்றன. சுயநிதிப் பிரிவில் அதில் பாதியைக்கூட எதிர்பார்க்க வேண்டாம். வயது வந்தோர் கல்வி மட்டும் கையில் இருந்தால் விண்ணப்பிக்க இடமே நாலைந்து ஊர்தான். அதனால்தான் 3-லும் 4-லும் பக்கவாட்டுக் கதவு என்றேன்.

கல்லூரிக்கு வெளியே கம்பெனிகளின் பயிற்சிப் பிரிவு, தொண்டு நிறுவனங்கள், திறன் திட்டங்களை மதிப்பீடு செய்யும் பணி, பாடப் பொருள் எழுதுவது என்று உண்டு. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. வீட்டுக் கடன் இருப்பவர் யோசித்து இறங்குங்கள்.

10. பக்கத்துல கேரளாவுக்குப் போனா வாய்ப்பு அதிகம்னு சொல்லுதாங்களே?

களியக்காவிளை தாண்டினால் கொஞ்சம் அதிகம்தான். கேரளம் 1991 ஏப்ரல் 18-ல் முழு எழுத்தறிவு அறிவித்த பிறகும் எழுத்தறிவு இயக்கத்தைக் கலைக்கவில்லை. நான்கு, ஏழு, பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இணையான படிப்புகளைப் பெரியவர்களுக்கு நடத்துகிறது. ஆய்வுக்கு அருமையான ஒப்பீடு, திருவனந்தபுரமும் பக்கம்.

ஒரு பொறி உண்டு. நெட் இந்தியா முழுக்கச் செல்லும். தமிழ்நாட்டு செட் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கானது. கேரளத்தில் செட் என்பது மேல்நிலைப் பள்ளி ஆசிரியருக்கான தேர்வு. பெயர் ஒன்று என்று நம்பி ஃபீஸ் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

11. எனக்க மகளுக்கு இது ஆகுமா டீச்சர்? ராத்திரி ஊரூராப் போகணுமாமே.

ராத்திரி என்று இல்லை, நாம் பேசப் போகிறவர்களுக்கு ஓய்வான நேரம். பால் வெட்டுகிறவர்கள் மதியத்துக்கு மேல் கிடைப்பார்கள். அண்டி ஆபீஸ் பெண்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான், அதுவும் சமையலுக்கு நடுவில். கடற்கரையில் மீன் விற்கப் போகும் பெண்களுக்குச் சந்தை முடிந்த பிறகு. மகளிர் குழுக் கூட்டத்தோடு சேர்ந்து போனால் துணையும் உண்டு, கதவும் திறக்கும். பெண்கள் அதிகம் கற்கும் துறையில் பெண் ஆய்வாளருக்குத்தான் முதலில் வாய் திறக்கிறார்கள். தாராளமாக அனுப்புங்கள்.

12. நீங்க வந்து எழுதிட்டுப் போறியளே மக்ளே, எங்களுக்கு என்ன கிடைக்கும்?

கடற்கரை ஊரில் ஒரு அம்மா கேட்டது. ஒக்கிக்குப் பிறகு அந்த ஊர்களுக்கு ஃபார்மோடு வராத ஆள் கிடையாது. பிள்ளையை இழந்தவர்களிடம் ‘உங்கள் கல்வித் தகுதி என்ன’ என்று ஆரம்பித்தவர்களும் உண்டு. இதற்கு எழுதி வைத்த பதில் என்னிடம் இல்லை, செய்வதைச் சொல்கிறேன். கூலி வேலையை விட்டு உட்காரச் சொன்னால் அந்த நேரத்துக்குப் பணம் கொடுக்கச் சொல்லி ஆய்வு நிதியிலேயே எழுதிவிடுவேன். வந்த முடிவைத் தமிழில் இரண்டு பக்கமாக்கி, ஊரில் வாசித்துக் காட்டுவோம். தப்பு என்று யாராவது சொன்னால் அதையும் ஆய்வேட்டில் சேர்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் கறாராக இருப்பேன்.

‘இதனால் உங்களுக்கு ஸ்கீம் வரும்’ என்று மட்டும் சொல்லவே கூடாது. வராது. உங்களுக்குப் பட்டம் கிடைக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அப்படியும் பேசுகிறவர்கள் பேசுவார்கள், எழுந்து போகிறவரை விட்டுவிடுங்கள்.

13. ஏ.ஐ. வந்துட்டுது, இனி டிரெய்னர் எதுக்கு?

போனில் பாடம் கேட்பது கூடும். அந்த அண்டி ஆபீஸ் பெண்ணுக்கு ஆறு மணிக்கு மேல் போன் கையில் கிடைக்குமா, அது மகன் கையில் இருக்குமா என்பதையும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

14. நான் இப்போ பி.ஏ. ரெண்டாம் வருஷம். இந்த லீவுல என்ன பண்ணலாம்?

1-வது பதிலில் சொன்ன எழுத்தறிவு வகுப்பு ஒன்றில் தன்னார்வலராகச் சேருங்கள். பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டால் எங்கே நடக்கிறது என்று தெரியும். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அன்றன்றைக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். அன்றைக்குக் கல்யாண வீடா, வட்டிக்காரர் வரும் நாளா, கண்ணாடி உடைந்ததா என்று விசாரியுங்கள். முதுநிலைக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வந்தால், தலைப்பு தேடுகிற மாதங்கள் மிச்சம்.